பழசா, ரீஃபர்பிஷ்டா, புதுசா... எந்த லேப்டாப் வாங்கலாம்?

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் குறைந்த விலைக்கு லேப்டாப் கிடைக்குதா? பேரம் பேசும் முன் பிராசஸரைப் பாருங்க. விண்டோஸ் 10-க்கான வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு, இன்டெல் என்றால் பொதுவாக 8-ம் தலைமுறையாவது வேண்டும்.

பழசு: விலை கம்மி, ரிஸ்க் உங்களுடையது. ஒரிஜினல் பில் கேளுங்க. பேட்டரி, கீபோர்டு, சார்ஜிங்கை அங்கேயே செக் பண்ணுங்க. பயாஸ் பாஸ்வேர்டு போட்டிருந்தால் வேண்டவே வேண்டாம்.

ரீஃபர்பிஷ்டு: பெரும்பாலும் கம்பெனிகள் கழித்துவிட்டவை. சோதித்து, சரிசெய்து விற்பார்கள். வாரன்ட்டியை எழுதித் தரலைன்னா, இதுவும் பழசுதான்!

புதுசு: வீடியோ எடிட்டிங், கேமிங் என்றால் இதுதான் சரி.

அசைன்மென்ட், கோடிங் பழக மட்டும்தானா? 8 ஜிபி ரேம், எஸ்.எஸ்.டி உள்ள ரீஃபர்பிஷ்டு போதும். மிச்சமாகும் பணத்தில் புது பேட்டரிக்குக் கொஞ்சம் எடுத்து வைங்க.