ஜெர்மனியில் வேலை: விசாவுக்கு முன் தெரிந்துகொள்ள வேண்டிய பட்ட அங்கீகாரம்

வெளிநாட்டு வேலைக்குச் செல்வோருக்கு விசா கிடைத்துவிட்டால் மட்டும் போதாது. தாய்நாட்டில் செவிலியராகவோ ஆசிரியராகவோ பணியாற்றியவர் புதிய நாட்டிலும் அதே பணியில் சேர, அவரது படிப்பும் அனுபவமும் அங்கு ஏற்கப்பட வேண்டும். இதற்கு வழிகாட்டும் சேவைகள் ஜெர்மனியில் இலவசமாகவே கிடைக்கின்றன.

இந்தியாவும் ஜெர்மனியும் குடிபெயர்வு மற்றும் பணி நகர்வு ஒப்பந்தத்தில் 2022 டிசம்பர் 5-ஆம் தேதி புது தில்லியில் கையெழுத்திட்டன. திறன்மிக்க இந்தியப் பணியாளர்களுக்கான விசாக்களின் எண்ணிக்கை ஆண்டுக்கு 20,000-இலிருந்து 90,000-ஆக உயர்த்தப்படும் என்று 2024 அக்டோபரில் ஜெர்மனி அறிவித்தது.

சட்டம் சொல்வது என்ன?

வெளிநாட்டுத் தொழில் தகுதிகளை அங்கீகரிப்பதற்கான சட்டம் ஜெர்மனியில் 2012 ஏப்ரல் 1-ஆம் தேதி அமலுக்கு வந்தது. விண்ணப்பதாரரின் தகுதி, அந்நாட்டில் அதே தொழிலுக்கு உரிய தகுதியுடன் ஒப்பிடப்படுகிறது. முழு அங்கீகாரம், பகுதி அங்கீகாரம் அல்லது நிராகரிப்பு ஆகிய மூன்றில் ஒன்று முடிவாக அமையும்.

மருத்துவர், செவிலியர் போன்றவை ஒழுங்குபடுத்தப்பட்ட தொழில்கள். அங்கீகாரம் இல்லாமல் இவற்றில் முழுப் பொறுப்புடன் பணியாற்ற இயலாது. கணினித் துறை போன்றவற்றில் இக்கட்டாயம் இல்லை. எனினும், பட்டதாரிகளுக்கான விசாவைப் பெற பெரும்பாலும் அவர்களது பட்டம் ஜெர்மானியப் பட்டத்துக்கு இணையானது என்பதைக் காட்ட வேண்டும். 'அனாபின்' என்ற இணையத் தரவுத்தளத்தில் தமது பல்கலைக்கழகத்தின் நிலையை விண்ணப்பதாரரே சரிபார்க்கலாம்.

யார் வழிகாட்டுகிறார்கள்?

ஜெர்மனிக்கு வெளியே வசிப்போருக்காக 2020 பிப்ரவரி முதல் பான் நகரில் தொழில் அங்கீகாரத்துக்கான மைய சேவை அமைப்பு செயல்படுகிறது. விண்ணப்பதாரரின் படிப்பு எந்த ஜெர்மானியத் தொழிலுக்கு இணையானது, எந்த அதிகாரியிடம் விண்ணப்பிப்பது, என்னென்ன ஆவணங்கள் தேவை ஆகியவற்றை இந்த அமைப்பு விளக்குகிறது. ஏற்கெனவே ஜெர்மனியில் உள்ளவர்களுக்கு, 2005 முதல் இயங்கிவரும் 'தகுதி வழியே ஒருங்கிணைப்பு' என்ற ஆலோசனை வலையமைப்பு உதவுகிறது.

பகுதி அங்கீகாரம் மட்டும் கிடைத்தால், எந்தப் பாடத்தில் அல்லது பயிற்சியில் குறை உள்ளது என்பது எழுத்து மூலம் தெரிவிக்கப்படும். செவிலியர்கள் தழுவல் பயிற்சி பெற்றோ, அறிவுத் தேர்வு எழுதியோ அதை ஈடுசெய்யலாம். அதுவரை பெரும்பாலும் உதவியாளர் பணியே கிடைக்கும், ஊதியமும் குறைவு. எனவே, புறப்படும் முன்பே இந்த விவரங்களை அறிந்துகொள்வது அவசியம்.

வாய்ப்பு அட்டை

வேலை உறுதியாகாதவர்கள் ஜெர்மனிக்குச் சென்று வேலை தேட, 2024 ஜூன் 1-ஆம் தேதி 'வாய்ப்பு அட்டை' அறிமுகமானது. முழு அங்கீகாரம் பெறாதவர்கள் அடிப்படை ஜெர்மன் அல்லது பி2 நிலை ஆங்கிலம் அறிந்திருப்பதுடன், குறைந்தது 6 புள்ளிகள் பெற வேண்டும். வாழ்க்கைச் செலவுக்கான பணம் இருப்பதையும் காட்ட வேண்டும். ஓராண்டு வரை தங்கி, வாரத்துக்கு 20 மணி நேரம் பகுதிநேர வேலை செய்யலாம்.

முகவர்களிடம் கவனம்

இந்தியாவில் வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்க்கும் முகவர்கள் வெளியுறவு அமைச்சகத்திடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். அதை அமைச்சகத்தின் 'இ-மைக்ரேட்' தளத்தில் சரிபார்க்கலாம். அவர்கள் வசூலிக்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு ரூ.30,000 மற்றும் ஜிஎஸ்டி ஆகும். கேரள அரசின் 'நோர்க்கா ரூட்ஸ்' அமைப்பு, 2021 டிசம்பரில் கையெழுத்தான ஒப்பந்தத்தின்படி ஜெர்மனிக்குச் செவிலியர்களைத் தேர்வு செய்யும் 'டிரிபிள் வின்' திட்டத்தில், விண்ணப்பதாரர்களிடம் ஆள்சேர்ப்புக் கட்டணம் பெறப்படுவதில்லை என்பது குறிப்பிடத்தக்கது.