மலையடியில் கற்ற பாடம்

பூண்டி மாதா திருத்தலத்திற்குச் செல்லும் நம்மவர் யாவரும் திருக்காட்டுப்பள்ளியை அறிவர். அதனருகே, காவிரிப் பாசனத்து இளங்காடு என்னும் சிற்றூரில், 1938-ஆம் ஆண்டு ஏப்ரல் 6-ஆம் நாள் பிறந்தவர் கோ. நம்மாழ்வார். இயற்கை வேளாண்மையின் முன்னோடி என்று தமிழகம் அவரைப் போற்றுகிறது. ஆயினும், அவருடைய சிந்தனை முதிர்ந்த இடம் ஒரு கத்தோலிக்கத் துறவியின் கனவில் பிறந்த பணிக்களம் என்பதை நம்முள் பலர் அறியோம்.

அவருடைய இளமைக்காலத்தில் தஞ்சைத் தரணி பெரும் மாற்றம் கண்டது. 1960-களின் தொடக்கத்தில், தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்திற்கென நாட்டில் முதன்முதலாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஏழு மாவட்டங்களுள் தஞ்சையும் ஒன்று. புதிய விதை, இரசாயன உரம், பூச்சிமருந்து, கடன் ஆகியவை ஒருங்கே வந்தன. ஆடுதுறை 27 போன்ற குறுகிய கால நெல் இரகங்களால் குறுவை விளைச்சல் பெருகிற்று. பலருடைய பசி தணிந்தது என்பதை மறுப்பது நன்றி மறப்பதாகும். ஆனால், சொந்த விதையையும் தொழுவுரத்தையும் நம்பியிருந்த உழவர், ஒவ்வொரு பருவத்திலும் கடை வாசலில் நிற்க வேண்டியவரானார்.

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை பயின்ற நம்மாழ்வார், 1963-இல் கோவில்பட்டி அரசு வேளாண் ஆய்வு நிலையத்தில் பணியில் சேர்ந்தார். மானாவாரிப் பருத்திக்கும் சிறுதானியத்திற்கும் எவ்வளவு உரமிடலாம் என்பது அங்கு நடந்த ஆய்வுகளுள் ஒன்று. மழையையே நம்பிய ஏழை உழவர் இத்தனை பொருள்களை விலைகொடுத்து வாங்குவது எங்ஙனம் என்ற கேள்வி அவரை வருத்திற்று. 1969-இல் அரசுப் பணியைத் துறந்தார்.

அவர் அடுத்துச் சென்றது, நெல்லை மாவட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையடியில் உள்ள களக்காடு. அங்கே 'அமைதித் தீவு' என்னும் திட்டம் நடைபெற்று வந்தது. அதனைத் தோற்றுவித்தவர் பெல்ஜியம் நாட்டைச் சேர்ந்த, சாமிநாதர் சபைத் துறவி அருட்தந்தை தொமினிக் பீர். இரண்டாம் உலகப் போரால் வீடிழந்த அகதிகளுக்கு ஆற்றிய தொண்டிற்காக 1958-இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றவர் அவர். எளியோருக்கு உணவளித்தால் மட்டும் போதாது. தம் காலில் நிற்கத் துணைசெய்ய வேண்டும் என்பது அவர் கொள்கை. சில ஆண்டுகள் மக்களோடு உழைத்து, பின்னர் பொறுப்பை அவர்களிடமே ஒப்படைத்து விலகுவது அவர் வகுத்த வழி. 1969 ஜனவரியில் அவர் இறைவனடி சேர்ந்தார்.

களக்காட்டில் ஏறத்தாழப் பத்தாண்டுகள் உழைத்த நம்மாழ்வார், இதே கொள்கை நிலத்திற்கும் பொருந்தும் எனக் கண்டார். வெளியிலிருந்து வாங்குவது குறையக் குறைய உழவர் நிமிர்கிறார். பண்ணையின் ஒரு பகுதியில் கழிவாவது மறுபகுதிக்கு உணவாக வேண்டும். பின்னாளில் புதுக்கோட்டை மாவட்டத்துக் கொழுஞ்சிப் பண்ணையிலும், கரூர் மாவட்டத்தில் மலைகள் சூழ்ந்த கடவூர்ப் பகுதியில் அவர் உருவாக்கிய வானகத்திலும் வறண்ட மண்ணில் இப்பாடமே செயலாயிற்று. ஓடும் மழைநீரை வரப்பும் குழியும் தடுத்து நிறுத்தின. மண்ணைக் கிளறி, தழையும் சாணமும் இட்டு உயர்த்திய மேட்டுப் பாத்திகளில் கத்தரி, வெண்டை, கீரை, அவரை எனப் பலவும் கலந்து வளர்க்க அவர் கற்பித்தார். வெயிலுக்கு மூடாக்கு, எல்லைக்கு உயிர்வேலி, உரத்திற்கு ஆடுமாடு. ஒன்று பொய்த்தாலும் மற்றொன்று அடுப்பெரிக்க உதவும்.

மலையடிப் பாடம் கடலோரத்திற்கும் உதவிற்று. 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை நாகை மாவட்டத்து வயல்களில் உப்பைப் படியவிட்டுச் சென்றது. பல்லாண்டுகளுக்குப் பயிர் விளையாது என்று பலர் கைவிட்ட நேரத்தில் அவர் உழவர்களோடு நின்றார். மழைநீரைத் தேக்கி, தக்கைப்பூண்டை விதைத்து, அதனையே மடக்கி உழுது, உப்புநிலத்தை மீட்கும் வழி காட்டினார். மீத்தேன் திட்டத்திற்கு எதிராக ஊர் ஊராகச் சென்ற பயணத்தில், 2013 டிசம்பர் 30-இல் பட்டுக்கோட்டை அருகே அத்திவெட்டியில் உயிர் நீத்தார். 2020-இல் காவிரிப் படுகை பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலமாகச் சட்டம் பெற்றது.

சட்டம் நிலத்தைக் காக்கலாம். நிலத்தோடு நமக்குள்ள உறவை நாமே காக்க வேண்டும். ஆறுகள் பாயும் நம் ஊர்களில், நீலகிரியிலிருந்தும் கொடைக்கானலிலிருந்தும் வரும் காய்கறிக்குக் காத்திருக்கிறோம். கொல்லைப்புறமோ வெறுமையாய்க் கிடக்கிறது. திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் தந்த 'இறைவா, உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடலை நம் பங்குகளில் படித்தோம். மனிதன் தோட்டத்தைப் பண்படுத்தவும் காக்கவும் வைக்கப்பட்டான் என்பதைத் தொடக்கநூலிலிருந்தும் அறிந்திருக்கிறோம். இனிச் செய்ய வேண்டியது சிறிது: ஆலயத்தை ஒட்டித் தரிசாய்க் கிடக்கும் நிலத்தில், அன்பியங்கள் ஒன்றுகூடி, வரும் ஆடியில் பத்துப் பாத்திகள் அமைக்கலாம். விதையை ஒருவருக்கொருவர் பகிர்ந்து, விளைவதில் ஒரு பங்கை ஏழை வீட்டிற்கு அளிக்கலாம். அடுத்த ஆண்டு அவ்வீட்டாரே தம் கொல்லையில் விதைக்கும்படி உடன் நிற்கலாம். அருட்தந்தை பீர் விரும்பிய தொண்டு அத்தகையதே.