அலைமுகப்பும் அறிவு அமானிதமும்

“இன்றைய விஞ்ஞானம் அனைத்தும் முஸ்லிம்கள் அன்றே கண்டவை” என நம்மவர் சிலர் மேடைகளில் முழங்குவதுண்டு. கேட்போர் மகிழ்வர். ஆயின், முன்னோர் செய்ததை மறைப்பது எத்துணைத் தவறோ, அவர் செய்யாததை அவர் பெயரில் ஏற்றுவதும் அத்துணைத் தவறேயாகும். வரலாறு ஓர் அமானிதம். ஒளியியலில் ‘அலைமுகப்பு’ என்னும் கருத்து வளர்ந்த வரலாற்றை ஈண்டு நடுநிலையோடு நோக்குவோம்.

அலைமுகப்பு என்பது யாது? ரிஷிவந்தியம் போன்ற ஊர்களின் ஏரிக்கரையில் நின்று பார்ப்போர்க்கு இஃது எளிதில் விளங்கும். அசையா நீரில் கல் விழுந்தால் வட்டங்கள் விரிகின்றன. ஒரு வட்டத்தின் முகட்டிலுள்ள புள்ளிகள் யாவும் ஒருங்கே உயர்ந்து ஒருங்கே தாழ்கின்றன. இவ்வாறு ஒத்த நிலையில் அசையும் புள்ளிகளை இணைப்பதே அலைமுகப்பு. நீரில் அது கோடு. எத்திசையும் பரவும் ஒளியிலோ அது பரப்பு. சிறு விளக்கொளியின் முகப்பு கோள வடிவினது. தொலைதூர விண்மீனின் முகப்பு நம்மை அடைகையில் ஏறத்தாழச் சமதளமாகிவிடுகிறது. காற்றிலும் நீரிலும் முகப்புக்குச் செங்குத்தாக ஒளி முன்னேறும் திசையையே கதிர் என்கிறோம்.

ஹிஜ்ரீ 354இல் (கி.பி. 965) பஸராவில் பிறந்து, கெய்ரோவில் கி.பி. 1040 அளவில் மறைந்தவர் பேரறிஞர் இப்னுல் ஹைதம். ஏழு பாகங்கள் கொண்ட அன்னாரின் ‘கிதாபுல் மனாழிர்’, கண்ணினின்று கதிர் புறப்பட்டுப் பொருளைத் தீண்டுவதாலேயே பார்வை உண்டாகிறது என்ற பழங் கொள்கையை மறுத்தது. ஒளிபெற்ற பொருளின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் ஒளி எல்லாத் திசைகளிலும் நேர்கோட்டில் செல்கிறது என்றார் அவர். அடர்ந்த ஊடகத்தில் ஒளியின் வேகம் குறையும் என்றும் கருதினார். ஆனால், ஒளி ஓர் அலை என்று அவர் கூறவில்லை. அவர் ஆராய்ந்தது கதிரை, அலைமுகப்பையன்று.

அந்நூல் லத்தீனில் பெயர்க்கப்பட்டு 1572இல் பேஸல் நகரில் அச்சேறியது. வளைந்த ஆடியில் ஒளி எப்புள்ளியில் பட்டுத் திரும்பிக் கண்ணை அடையும் என்று அதில் வரும் கடினமான கணக்கு, ஐரோப்பியரிடையே அவர் பெயராலேயே வழங்கியது. அதற்கு அழகிய தீர்வு கண்டவருள் ஒருவர் ஹாலந்து நாட்டு ஹைகன்ஸ். அவரே 1678இல் பாரிஸ் கழகத்தில் எடுத்துரைத்து, 1690இல் நூலாக வெளியிட்டதுதான் அலைமுகப்புக் கொள்கை. முகப்பின் ஒவ்வொரு புள்ளியும் புதிய சிற்றலைகளின் தோற்றுவாய். அவற்றையெல்லாம் தொட்டுச் செல்லும் பரப்பே அடுத்த முகப்பு என்றார்.

ஒளி நீரில் ஏன் வளைகிறது? தொழுகை ஸஃப்பைப் போல் தோளோடு தோள் நின்று நடக்கும் வரிசையொன்று, சாலையிலிருந்து சேற்று வயலுக்குள் சாய்வாக இறங்குவதாகக் கொள்வோம். முதலில் சேற்றில் கால் வைத்தவர் நடை தளர்கிறது, மற்றவர் விரைகின்றனர், வரிசையே திசை திரும்புகிறது. முகப்பும் அவ்வாறே திரும்புகிறது. நியூட்டனோ, நீரில் ஒளி விரைந்து செல்லும் எனக் கொண்டார். 1850இல் ஃபூக்கோ அளந்து பார்த்தபோது, நீரில் ஒளி மெதுவாகவே சென்றது. வேகத்தைப் பற்றிய இப்னுல் ஹைதமின் கருத்து பொய்க்கவில்லை. அலைக் கொள்கையும் வென்றது.

இம்மரபு தமிழகத்தையும் தொட்டது. 1888இல் திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி. வி. இராமன், சென்னை மாநிலக் கல்லூரி மாணவராக இருக்கையில், செவ்வகத் துளை வழிச் செல்லும் ஒளி சமச்சீரற்ற பட்டைகளாக விரிவதை ஆராய்ந்து 1906இல் இலண்டன் இதழொன்றில் எழுதினார். பின்னர் 1935, 36ஆம் ஆண்டுகளில் நாகேந்திர நாத்துடன் இணைந்து, செவிக்கெட்டா ஒலியலைகள் நிறைந்த திரவத்தின் ஊடே செல்லும் ஒளியின் முகப்பு நெளிதகடு போல் நெளிவதாலேயே ஒளி பல கிளைகளாகப் பிரிகிறது என்று காட்டினார். இன்று லேசர் கதிரை ஒலியால் திசை திருப்பும் கருவிகளுக்கு அவ்விளக்கம் துணை நிற்கிறது.

பஸராவில் பிறந்தவர் கதிரைத் தந்தார். ஹாலந்து நாட்டவர் முகப்பைத் தந்தார். திருச்சியில் பிறந்தவர் அம்முகப்பின் நெளிவைக் காட்டினார். ஒருவர் பங்கை மற்றவர்க்கு ஏற்ற வேண்டுவதில்லை. டாலமியின் பிழைகளை எடுத்துக்காட்டத் தனி நூலே எழுதியவர் இப்னுல் ஹைதம். முன்னோர் சொல் என்பதற்காகவே எதையும் ஏற்றுக்கொள்ளாதவர் அவர். அத்தகையாரை வெறும் புகழுரையால் போற்றுதல் தகுமோ? நம் பிள்ளைகள் கையில் ஒரு முப்பட்டகக் கண்ணாடியும் ஓர் அளவுகோலும் கொடுத்து, “நீயே பார், அளந்து சொல்” என்போமாக. அதுவே அன்னார் விட்டுச் சென்ற அமானிதத்தைப் பேணும் வழி.