வயதுவந்தோர் டி-செல் இரத்தப் புற்றுநோய்

எச்டிஎல்வி-1 என்னும் ரெட்ரோவைரஸ் தொற்றால் உண்டாகும் இரத்தப் புற்றுநோய். நோய் எதிர்ப்பில் முக்கியப் பங்காற்றும் டி-செல்கள் என்ற வெள்ளையணுக்கள் இதில் கட்டுப்பாடின்றிப் பெருகுகின்றன. வைரஸ் பெரும்பாலும் கைக்குழந்தைப் பருவத்திலேயே உடலில் புகுந்துவிடுகிறது. புற்றுநோயோ பல பத்தாண்டுகள் கழித்தே வெளிப்படுகிறது.

வரலாறு

ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கியோஷி தகாட்சுகி, தகாஷி உச்சியாமா குழுவினர் 1977இல் இதைத் தனி நோயாக விவரித்தனர். நோயாளிகளில் பெரும்பாலோர் நாட்டின் தென்மேற்கிலுள்ள கியூஷூ தீவில் பிறந்தவர்கள். இதனால் தொற்று ஏதேனும் காரணமாக இருக்கலாம் என்ற ஐயம் எழுந்தது. 1980இல் அமெரிக்காவில் ராபர்ட் காலோ குழுவினர் எச்டிஎல்வி-1 வைரஸைக் கண்டறிந்து வெளியிட்டனர். மனிதரிடம் கண்டறியப்பட்ட முதல் ரெட்ரோவைரஸ் இதுவே. ஜப்பானிய நோயாளிகளுக்கும் ரெட்ரோவைரஸுக்கும் உள்ள தொடர்பை 1981இல் யோரியோ ஹினுமா குழுவினர் நிறுவினர்.

பரவல்

உலகில் 50 லட்சம் முதல் 1 கோடிப் பேருக்கு இத்தொற்று இருப்பதாக மதிப்பிடப்படுகிறது. தென்மேற்கு ஜப்பான், கரீபியத் தீவுகள், சகாராவுக்குத் தெற்கிலுள்ள ஆப்பிரிக்கா, தென் அமெரிக்காவின் சில பகுதிகள், ஈரானின் மஷ்ஹத் வட்டாரம் ஆகிய இடங்களிலும், ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதியில் வாழும் பழங்குடியினரிடையேயும் அதிகம் காணப்படுகிறது. தாய்ப்பால், உடலுறவு, இரத்தம் ஏற்றுதல், ஊசியைப் பகிர்தல், உறுப்பு மாற்று ஆகியவை பரவும் வழிகள்.

நோய் உருவாகும் விதம்

வைரஸ் தன் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாகப் படியெடுத்து டி-செல்லின் மரபணுத் தொகுதியில் செருகிவிடுகிறது. அந்தச் செல் பிரியும்போதெல்லாம் வைரஸும் சேர்ந்தே பெருகுகிறது. வைரஸின் டாக்ஸ், எச்பிஇசட் ஆகிய புரதங்கள் செல் பெருக்கத்தைத் தூண்டுகின்றன. காலப்போக்கில் மரபணுப் பிறழ்வுகளும் சேர, செல் புற்றாக மாறுகிறது. தொற்றுள்ளவர்களில் ஏறத்தாழ 20 பேரில் ஒருவருக்கே வாழ்நாளில் இந்நோய் வருகிறது. மற்றவர்களில் மிகப் பெரும்பாலோர் நோயின்றியே வாழ்ந்துவிடுகின்றனர்.

அறிகுறிகளும் வகைகளும்

நிணநீர்க் கணு வீக்கம், தோலில் தடிப்பு அல்லது கட்டி, கல்லீரல், மண்ணீரல் வீக்கம் ஆகியவை பொதுவானவை. இரத்தத்தில் கால்சியம் மிகும்போது கடும் தாகம், மலச்சிக்கல், மனக்குழப்பம் தோன்றும். இதற்கு உடனடிச் சிகிச்சை தேவை. எதிர்ப்பாற்றல் குன்றுவதால் பூஞ்சைத் தொற்று, நிமோனியா, ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் குடற்புழு ஆகியவையும் உயிருக்கு ஆபத்தாகின்றன. நுண்ணோக்கியில், இதழ் விரிந்த பூவைப்போன்ற உட்கரு கொண்ட செல்கள் இந்நோயின் அடையாளம்.

1991இல் வகுக்கப்பட்ட முறைப்படி இது தீவிர வகை, நிணநீர்க் கட்டி வகை, நாள்பட்ட வகை, மந்த வகை என நான்காகப் பிரிக்கப்படுகிறது.

சிகிச்சை

மந்த வகையில் பெரும்பாலும் கண்காணிப்பே போதும். தீவிர, நிணநீர்க் கட்டி வகைகளுக்குப் பல மருந்துகள் சேர்ந்த கீமோதெரபி தரப்படுகிறது. இரத்தத்தில் பரவிய வகைகளுக்கு சிடோவுடினும் இன்டர்ஃபெரானும் சேர்த்து அளிப்பதுண்டு. மொகாமுலிசுமாப் என்ற எதிர்ப்பொருள் மருந்துக்கு ஜப்பான் 2012இல் ஒப்புதல் அளித்தது. தகுதியுள்ளவர்களுக்குக் கொடையாளரின் ஸ்டெம்செல் மாற்றுச் சிகிச்சை நீண்டகால நிவாரணம் தரக்கூடும். இத்தனைக்குப் பிறகும் தீவிர வகையில் பலர் ஓராண்டைத் தாண்டுவதில்லை.

தடுப்பு

தடுப்பூசி இல்லாத நிலையில், தொற்று குழந்தையைச் சேராமல் காப்பதே இந்நோய்க்கு எதிரான வலுவான வழி. ஜப்பான் 1986இல் இரத்தக் கொடையாளர் பரிசோதனையைத் தொடங்கியது. மறு ஆண்டு நாகசாகி மாவட்டத்தில் கர்ப்பிணிகளுக்கான பரிசோதனைத் திட்டம் வந்தது. 2011 முதல் அது நாடு முழுவதற்குமானது. தொற்றுள்ள தாய் நெடுநாள் பாலூட்டினால் ஏறத்தாழ 5 குழந்தைகளில் ஒன்றுக்கு வைரஸ் தொற்றுகிறது. தாய்ப்பாலைத் தவிர்த்தால் இது 100க்கு 3 அளவில் நிற்கிறது. தூய நீரும் பால்மாவும் எளிதில் கிடைக்காத நாடுகளில் தாய்ப்பாலை நிறுத்துவதே குழந்தைக்குக் கேடாக முடியலாம். அத்தகைய இடங்களில் தாயின் சூழலை அறிந்து ஆலோசனை வழங்குவது இன்றியமையாதது.