புதுப்பிக்கத்தக்க சக்தியும் மூலதனமும்

சூரிய ஒளி, காற்று, ஓடும் நீர், பூமியின் உட்சூடு என எடுக்க எடுக்கக் குறையாத மூலங்களிலிருந்து பெறப்படுவது புதுப்பிக்கத்தக்க சக்தி எனப்படும். இவற்றுள் நீர்மின்சாரமே நெடுங்காலம் பிரதான ஸ்தானத்தை வகித்துவந்தது. ஏனையவை பல்கிப் பெருகியது இருபத்தோராம் நூற்றாண்டில்தான்.

இப்பெருக்கத்தின் காரணத்தை விஞ்ஞானத்தில் மட்டும் தேடினால் போதாது. சிலிக்கன் சூரிய மின்கலத்தை அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக்கூடத்தார் 1954ஆம் ஆண்டிலேயே செய்து காட்டிவிட்டபோதிலும், 2000ஆம் ஆண்டில் உலகெங்கும் நிறுவப்பட்டிருந்த சூரிய மின்திறன் இரண்டு ஜிகாவாட்டைக்கூட எட்டவில்லை. நிலக்கரி நிலையத்தை நடத்துபவர் எரிபொருளுக்கு ஆண்டுதோறும் பணம் கொடுத்துக்கொண்டே இருக்க, காற்றாலையோ சூரியப் பலகையோ நிறுவுபவர் செலவில் பெரும்பகுதியைத் தொடக்கத்திலேயே செய்துவிட வேண்டியிருப்பதால், குறைந்த வட்டிக் கடனும், மின்சாரத்துக்கு நிச்சயமான விலை கிடைக்கும் என்ற நம்பிக்கையுமே இத்துறைக்கு ஜீவாதாரமாகும்.

இதை உணர்ந்து சட்டமாக்கிய பெருமை ஜெர்மனியைச் சாரும். 1991இல் வந்த முதற்சட்டம் இம்மின்சாரத்தை வாங்கிக்கொள்ளும்படி மின் நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தியது. ஹெர்மான் ஷேயர், ஹான்ஸ் யோசெஃப் ஃபெல் முதலிய பாராளுமன்ற உறுப்பினர்களின் முயற்சியால் 2000 ஏப்ரலில் அமலான சட்டமோ, ஒவ்வொரு வகை உற்பத்திக்கும் தக்க விலையை இருபது ஆண்டுகளுக்கு உறுதிசெய்தது. வங்கிகள் தயக்கமின்றிக் கடன் தந்தன. குடியானவர்களும் சாதாரண வீட்டுக்காரர்களும் மின் உற்பத்தியாளர்களாயினர். ஜெர்மானியச் சந்தையை நம்பிச் சீனத்தில் எழுந்த தொழிற்சாலைகள் உற்பத்தியைப் பெருக்கப் பெருக்க, 2010க்குப் பிந்திய பத்தாண்டுகளில் சூரிய மின்சாரத்தின் அடக்கவிலை ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் வீழ்ந்தது. இன்று உலகம் அனுபவிக்கும் இம்மலிவுக்காக ஜெர்மானியக் குடும்பங்கள் பல்லாண்டுகள் கூடுதல் மின்கட்டணம் செலுத்தின என்பதை நன்றியோடு குறிப்பிடுதல் தகும்.

நம் நாட்டில், ஆரல்வாய்மொழிக் கணவாயை அடுத்த முப்பந்தலில் 1990களில் காற்றாலைகள் நிறைந்ததற்கு அங்கு வீசும் பலத்த காற்றோடு, முதலீட்டை முதலாண்டிலேயே தேய்மானமாகக் கழித்துக்கொள்ள வருமானவரி விதிகள் இடமளித்ததும் காரணமாகும்.

2022இல் உலகின் சூரிய மின்திறன் மட்டும் 1,000 ஜிகாவாட்டைக் கடந்தது. அபுதாபியைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேசப் புதுப்பிக்கத்தக்க சக்தி முகமையின் கணக்குப்படி, எல்லா வகைகளும் சேர்ந்த திறன் 2024 முடிவில் சுமார் 4,450 ஜிகாவாட். அவ்வாண்டில் புதிதாகச் சேர்ந்த ஏறத்தாழ 585 ஜிகாவாட்டில் பாதிக்கு மேல் சீனாவினுடையது. உலகின் புதுப்பிக்கத்தக்க மின்திறனை 2030க்குள் மும்மடங்காக்க வேண்டும் என 2023 டிசம்பரில் துபாயில் கூடிய பருவநிலை மாநாடு தீர்மானித்தது. ஆயினும், வெயிலுக்குக் குறைவே இல்லாத ஆப்பிரிக்காவுக்கு, செல்வநாடுகளைக் காட்டிலும் பன்மடங்கு வட்டி கொடுத்தே மூலதனம் பெற வேண்டியிருப்பதால், உலக முதலீட்டில் மிகச் சிறு பகுதியே இன்றளவும் கிட்டுகிறது.