கிழக்கில் எழுந்த இரு கலாசாலைகள்

ஆலையடிவேம்பிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் கரையோரப் பெருந்தெருவிலே அட்டாளைச்சேனையையும் பாலமுனையையும் கடந்து ஆறேழு மைல் சென்றால் ஒலுவில் என்னும் ஊர் வரும். அதே தெருவில் நிந்தவூர், காரைதீவு, கல்முனை, மட்டக்களப்பு எனச் சென்று, அப்பால் வாழைச்சேனைத் தெருவில் ஏறத்தாழப் பத்து மைல் போனால் வந்தாறுமூலை வரும். முன்னதிலே தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் பின்னதிலே கிழக்குப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. நம் சங்கத்து இளைஞருட் சிலர் அங்கும் சிலர் இங்குமாகப் பயின்று வருகின்றோம். ஒரு கரை, ஒரு மொழி. ஆயினும் இரு பல்கலைக்கழகங்கள். இவை எவ்வாறு தோன்றின, ஏன் இரண்டாயின என்பதை நம்மிற் பலர் ஆராய்ந்ததில்லை. 'கம்பஸ்' என்று நாவளவில் வழங்குகின்றோமேயன்றி, அதன் ஒவ்வொரு கல்லின் பின்னும் ஒரு வரலாறு கிடப்பதை எண்ணுவதில்லை. அவ்வரலாற்றை இம்மலரின் வாயிலாக மூத்தோர்க்கும் இளையோர்க்கும் சுருங்கக் கூற விழைகின்றோம்.

முந்திய காலம்

கிழக்கிலங்கையில் ஆங்கிலக் கல்வி மிஷனரிமாரால் வந்தது. 1814ஆம் ஆண்டில் மட்டக்களப்புக்கு வந்த வில்லியம் ஓல்ட் என்னும் மெதடிஸ்த பாதிரியார் அங்கே கல்விப் பணியைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே அவர் காலமானார். அவர் ஊன்றிய வித்து மட்டும் அழியவில்லை. பின்னர் கல்முனையிலும் மிஷன் பாடசாலைகள் எழுந்தன. மிஷன் பாடசாலை வாங்குகளில் இருந்து எழுத்தறிந்த நாம் இதனை நன்றியோடு கூறுதல் கடனாகும்.

காரைதீவிலே 1892ஆம் ஆண்டு பிறந்த சுவாமி விபுலாநந்தரும் கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலும் மட்டக்களப்பு அர்ச். மிக்கேல் கல்லூரியிலும் பயின்றவரே. பிறர் பாடசாலையிற் கற்றும் தம் சமயத்தை விடாதவர். தம் சமயத்தைப் போற்றியும் பிறர் தந்த கல்வியை இகழாதவர். மேற்படிப்பை நாடியபோது அவர் கொழும்புக்குச் செல்ல நேர்ந்தது; விஞ்ஞானப் பட்டமோ இலண்டன் பல்கலைக்கழகம் வழங்கியதாக இருந்தது. பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலே தமிழ்ப் பேராசிரியராக விளங்கியவர், 1943ஆம் ஆண்டில் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியரானார். கிழக்கு மண் ஒரு பேராசிரியரை நாட்டுக்கு ஈந்தது. அம்மண்ணில் ஒரு பல்கலைக்கழகம் எழுவதற்கு மேலும் நாற்பத்துமூன்று ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

கல்லூரியும் பல்கலைக்கழகமும்

இவ்விடத்தே ஒன்றைத் தெளிவாக்குதல் நன்று. பல்கலைக்கழகக் கல்லூரி வேறு, பல்கலைக்கழகம் வேறு. முன்னது கற்பிக்கும், ஆனால் தன் பெயராற் பட்டம் வழங்காது. பின்னதே தானே கற்பித்துத் தானே பட்டமளிக்கும் உரிமை உடையது. குழந்தை சுவரைப் பிடித்து நடந்து பின்னர் தனித்து நடப்பது போன்றது இது.

கொழும்பிலே 1921ஆம் ஆண்டு தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரி, இலண்டன் பட்டத்துக்கே மாணவரை ஆயத்தஞ் செய்தது. 1942ஆம் ஆண்டு யூலை முதலாந் திகதி இலங்கைப் பல்கலைக்கழகம் உதயமாகும் வரை இருபத்தொரு ஆண்டுகள் அது சுவரைப் பிடித்தே நடந்தது. பல்கலைக்கழகத்தைக் கொழும்பிலே நிறுவுவதா, கண்டிப் பக்கத்திலே நிறுவுவதா என்ற வாதமும் நெடுநாள் நடந்து, ஈற்றிலே பேராதனை தெரிவு செய்யப்பட்டது. யாழ்ப்பாணத்திலே 1974இல் வளாகம் ஒன்று திறக்கப்பட்டது. கிழக்குக்கோ எதுவும் இல்லை. நம் பக்கத்தில் அட்டாளைச்சேனை ஆசிரிய கலாசாலை இருந்தது. பட்டம் பெற விரும்பியவரோ பேராதனைக்கும் கொழும்புக்கும் புகைவண்டி ஏறினர்.

1970களிலே பல்கலைக்கழக அனுமதிக்கு மாவட்ட ஒதுக்கீடு வந்தது. அது யாழ்ப்பாணத்து மாணவர் பலருக்கு வாயிலை அடைத்தது; மட்டக்களப்பு, அம்பாறை போன்ற வசதி குறைந்த மாவட்டத்தாருக்கோ அதே வாயிலைச் சிறிது திறந்தது. ஒரு சட்டம் ஓரிடத்தில் வெயிலாகவும் மற்றோரிடத்தில் நிழலாகவும் விழுந்தது. இவ்வுண்மையை ஒளியாது ஏற்றுக்கொள்வதே வரலாறு கற்பார்க்கு அழகு.

வந்தாறுமூலை

இலவசக் கல்வியின் தந்தை எனப் போற்றப்படும் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா கல்வி மந்திரியாக இருந்த காலத்தில், கிராமத்துப் பிள்ளைகளும் உயர்தரக் கல்வி பெற வேண்டுமென்று நாடெங்கும் மத்திய பாடசாலைகள் நிறுவப்பட்டன. அவற்றுள் ஒன்று வந்தாறுமூலையில் எழுந்தது. நகரத்துக் கல்லூரிக்குப் பணங்கட்ட இயலாத கமக்காரன் மகனும் மீனவன் மகனும் அதன் வாயிலால் உயர்ந்தனர்.

1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்தின் பின்னர், 1981ஆம் ஆண்டு ஓகஸ்ட் முதலாந் திகதி, அப்பாடசாலை வளவிலேயே மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கப்பட்டது. பேராதனைப் பல்கலைக்கழகம் அதற்குக் கைகொடுத்தது. விஞ்ஞானமும் விவசாயமும் முதற் பாடநெறிகளாயின. வயலை நம்பி வாழும் மாவட்டத்துக்கு விவசாய பீடம் வாய்த்தது மிகப் பொருத்தமன்றோ? கிராமத்துப் பிள்ளைக்கென்று கட்டிய பாடசாலை தன் இடத்தைப் பல்கலைக்கழகத்துக்கு ஈந்து, தான் விலகிக்கொண்டது. பேராதனை போல் மலைச்சாரலில் திட்டமிட்டுக் கட்டப்பட்ட வளாகம் அன்று இது. ஒரு பாடசாலையின் தியாகத்தின்மேல் எழுந்த வளாகம்.

ஐந்து ஆண்டும் இரண்டு மாதமும் கழிந்தபின், 1986ஆம் ஆண்டு ஒக்ரோபர் முதலாந் திகதி, அது கிழக்குப் பல்கலைக்கழகம் ஆயிற்று. காலப்போக்கிலே வணிகமும் கலை கலாசாரமும் வந்து சேர்ந்தன. திருகோணமலையில் ஒரு வளாகமும், பின்னர் மருத்துவம் பயிலும் பீடமும் அமைந்தன. 1982இல் தொடங்கப்பட்ட இசை நடனக் கல்லூரியும் இன்று சுவாமி விபுலாநந்தரின் பெயர் தாங்கிய அழகியற் கற்கைகள் நிறுவகமாகக் கல்லடியிலே அப்பல்கலைக்கழகத்துடன் இணைந்து விளங்குகின்றது. யாழ் நூல் தந்த முனிவர் பெயரால் இசை வளர்வது பொருத்தமே.

இருண்ட ஆண்டு

ஆயின் வளர்ச்சி நேர்வழியே செல்லவில்லை. 1990ஆம் ஆண்டு நம் கரைக்கு வந்த கொடுமையை மூத்தோர் அறிவர். அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் காத்தான்குடிப் பள்ளிவாயில்களிலே தொழுதுகொண்டிருந்தோர் கொல்லப்பட்டனர். ஏறாவூரிலும் உயிர்கள் மாய்ந்தன. வீரமுனையிலே கோயிலில் அடைக்கலம் புகுந்திருந்த தமிழர் கொல்லப்பட்டனர். வந்தாறுமூலை வளாகமே ஆயிரக்கணக்கான அகதிகளுக்குப் புகலிடமாயிற்று. செப்ரெம்பர் 5ஆந் திகதி அங்கிருந்து இராணுவத்தினரால் 158 பேர் கொண்டு செல்லப்பட்டனர், அவர்கள் மீளவேயில்லை. விரிவுரை நடந்த மண்டபங்களில் தாய்மார் அழுத குரல் கேட்டது.

2006ஆம் ஆண்டு டிசம்பர் 15ஆந் திகதி, அப்பல்கலைக்கழகத்தின் உபவேந்தராயிருந்த பேராசிரியர் ரவீந்திரநாத் கொழும்பிலே காணாமற் போனார். அவரும் மீளவில்லை. ஒரு பல்கலைக்கழகம் தன் தலைவரையே இழந்தும் வாயிலை மூடாது நின்றதென்றால், அதன் உறுதி சொல்லுந்தரமன்று.

ஒலுவில்

1990இன் பின்னர் முஸ்லிம் மாணவர் வந்தாறுமூலைக்குச் செல்ல அஞ்சினர். அச்சம் கற்பனை அன்று. வழியிலே உயிர் போகும் காலம் அது. இடையிலே படிப்பை இழந்து நின்ற அம்மாணவரின் நிலையிலிருந்தே தென்கிழக்கிலே ஓர் உயர்கல்விக் கூடம் வேண்டுமென்ற கோரிக்கை வலுத்தது. அப்போது மந்திரியாக இருந்தவரும் ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸின் தலைவருமான எம். எச். எம். அஷ்ரப் அதனை முன்னின்று நிறைவேற்றினார். 1995ஆம் ஆண்டு யூலை மாதத்தில் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி நிறுவப்பட்டது. பத்து மாதங்கூட நிறையுமுன், 1996ஆம் ஆண்டு மே 15ஆந் திகதி, அது முழுப் பல்கலைக்கழகமாயிற்று. பேராசிரியர் எம். எல். ஏ. காதர் அதன் முதல் உபவேந்தராய்ப் பணியாற்றினார்.

கொழும்புக்கு இருபத்தொரு ஆண்டு. வந்தாறுமூலைக்கு ஐந்து ஆண்டு. ஒலுவிலுக்குப் பத்து மாதம்! இக்கணக்கை நோக்குவோர், இஃது அரசியல் வேகம் என்பர். ஆம், அரசியலும் உண்டு. ஆயினும் வீதியில் நின்ற மாணவருக்குக் காத்திருக்கும் காலம் இல்லை என்பதையும் மறத்தலாகாது.

அஷ்ரப் அவர்கள் 2000ஆம் ஆண்டு செப்ரெம்பர் 16ஆந் திகதி அரநாயக்கவிலே நிகழ்ந்த ஹெலிகொப்டர் விபத்திற் காலமானார். அவர் பின்னும் வளாகம் வளர்ந்தது. குவைத் நாட்டு நிதியத்தின் கடனுதவியால் கட்டடங்கள் எழுந்தன. கலையும் முகாமைத்துவமும் ஒலுவிலில் நடைபெற, பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில் அமைந்தது. இஸ்லாமிய கற்கைகளுக்கும் அரபு மொழிக்கும் தனிப் பீடம் உண்டு. பொறியியலும் தொழினுட்பமும் பின்னர் சேர்ந்தன. ஒரு காலத்தில் நெல்லும் மீனுமே பேச்சாயிருந்த ஊரிலே இன்று பாலங்கட்டும் கணக்கும் கணினிக் கணக்கும் பேசப்படுகின்றன.

நமக்குள்ள பங்கு

இனி நாம் கூற வந்த முக்கிய பொருளுக்கு வருவோம். ஒலுவிலைப் பற்றி, 'அது அவர்களுடைய கம்பஸ்' என்று சொல்லும் வழக்கம் நம் ஊரிலே உண்டு. பிள்ளைக்கு அங்கே இடங்கிடைத்தாலும், வேறிடங் கிடைக்காதா என்று ஏங்கும் பெற்றோரும் உளர். இது சரியா?

அச்சத்திலே தோன்றிய நிறுவனம் என்பதால் அச்சத்திலேயே நிலைக்க வேண்டுமென்பதில்லை. இன்று பல்கலைக்கழகத்துக்கு மாணவரைத் தெரிவது மானியங்கள் ஆணைக்குழு. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒலுவிலிலே ஒரே மண்டபத்தில் இருந்து கற்கின்றனர். வந்தாறுமூலையிலும் அவ்வாறே. வாயிலில் இருக்கும் காவலாளி சமயத்தைக் கேட்பதில்லை; அடையாள அட்டையையே கேட்கின்றார்.

மேலும் ஒன்று கூறுவோம். அமெரிக்க நாட்டு மானிடவியலறிஞர் டெனிஸ் மெக்கில்வ்ரே என்பார் நம் அக்கரைப்பற்றுக்கு வந்து தங்கி, தமிழரும் முஸ்லிம்களும் வாழும் முறையைப் பல்லாண்டு ஆராய்ந்து 2008இல் பெருநூல் ஒன்று வெளியிட்டார். இரு சமூகத்தாரும் தாய்வழியே குடி வகுக்கும் வழக்கத்தை அவர் விரித்துரைத்துள்ளார். நம் பாட்டிமார் திண்ணையிலிருந்து சொல்லும் குடிக் கதையை, கடல் கடந்து வந்தவர் எழுதி உலகுக்குக் கொடுத்தார். ஆறேழு மைலிலே பல்கலைக்கழகம் வைத்திருக்கும் நாம் என்ன எழுதினோம்? தாய்வழிக் குடி ஒன்றுபோல் விளங்கும் இருவர், ஒரு நூல்நிலையத்திலே அடுத்தடுத்து இருக்கக் கூசலாமா?

பெரியோர்களே, உங்களிடம் ஒரு விண்ணப்பம். 1990ஐ மறக்கும்படி நாம் கேட்கவில்லை. மறத்தல் இறந்தோர்க்குச் செய்யும் துரோகமாகும். வீரமுனையை நினைக்கும்போது காத்தான்குடியையும் நினையுங்கள் என்றே கேட்கின்றோம். அவ்விரண்டையும் ஒருசேர எழுதக்கூடிய இடம் பல்கலைக்கழகமே.

இளைஞர்களே, உங்களிடமும் ஒரு விண்ணப்பம். கட்டடம் அரசு தரும். கடன் அயல்நாடு தரும். பட்டத்தைப் பல்கலைக்கழகம் தரும். நட்பை மட்டும் எவரும் தரமாட்டார். அதனை நாமே தேட வேண்டும். இவ்வாண்டு நம் சங்கத்தின் வாசிகசாலையிலே இரு பல்கலைக்கழகத்து மாணவரும் கூடி, இக்கரையின் முதியோர் வாய்மொழியை எழுதி வைக்கும் பணியைத் தொடங்கலாம் என்பது நம் கருத்து. ஆலையடிவேம்பு மூதாட்டி ஒருத்தியும் அக்கரைப்பற்றுப் பெரியவர் ஒருவரும் கூறுவதை ஒரே கொப்பியில் எழுதினால், அதுவே நம் முதல் ஆராய்ச்சி.

காரைதீவிலே பிறந்து, மிஷன் பாடசாலையிலே கற்று, துறவு பூண்டு, தமிழுக்குப் பேராசிரியராய் விளங்கிய அம்முனிவர், ஒலுவிலுக்கும் வந்தாறுமூலைக்கும் நடுவே பிறந்தார் என்பதை எண்ணும்போது உள்ளம் நிமிர்கின்றது. அவர் காலத்தில் நம் கரையில் ஒரு கலாசாலையும் இல்லை. நம் காலத்தில் இரண்டு உள. இரண்டையும் நம்முடையனவாகக் கொள்வோமாக.