அச்சுப்பொறியின் மொழி

பழைய அச்சுப்பொறியைப் புதிய கணினியோடு இணைக்க முயல்பவர் முதலில் தேடுவது கம்பியைத்தான். 1970இல் அமெரிக்காவின் சென்ட்ரானிக்ஸ் நிறுவனம் அமைத்த 36 முனை இணைப்பு, 1981இல் ஐபிஎம் கணினியின் பின்புறத்தில் 25 முனைகளாகச் சுருங்கிப் பொதுவழக்காயிற்று. 1996இல் யூஎஸ்பி வந்தபின் அது மெல்ல மறைந்தது. ஆனால் இந்த இடைவெளியை ஒரு மாற்றுக்கம்பி நிரப்பிவிடும்.

எளிதில் நிரம்பாதது மொழியின் இடைவெளி. எப்சன் தன் டாட் மேட்ரிக்ஸ் பொறிகளுக்கான கட்டளைகளைக் கையேட்டிலேயே அச்சிட்டுத் தந்தது. பிற நிறுவனங்களும் அவற்றைக் கையாண்டன. ஆகவே அப்பொறிகளோடு இன்றும் பேச முடிகிறது. 1990களின் மலிவுப் பொறிகள் பலவோ, பக்கத்தை உருவாக்கும் வேலையைக் கணினியிடமே விட்டன. அவற்றின் மொழியைத் தயாரிப்பாளரின் இயக்கிமென்பொருள் மட்டுமே அறியும். இயங்குதளம் மாறி, அம்மென்பொருள் புதுப்பிக்கப்படாதபோது பழுதற்ற பொறியும் ஊமையாகிறது.

இந்த மறைப்பின் கசப்பை முன்னரே உணர்ந்தவர் ரிச்சர்ட் ஸ்டால்மன். 1980 வாக்கில் எம்.ஐ.டி. ஆய்வகத்திலிருந்த ஜெராக்ஸ் அச்சுப்பொறியின் மூலநிரல் அவருக்கு மறுக்கப்பட்டது. 1983இல் அவர் குனூ திட்டத்தை அறிவித்தார். கைவிடப்பட்ட பொறிகள் பல இன்று லினக்ஸில் இயங்குவது, அவ்வழி வந்த தன்னார்வலர்கள் அம்மொழிகளைப் பொறுமையாகப் படித்தறிந்ததால்தான். நாம் குப்பையில் எறிபவற்றுள் எத்தனை உண்மையில் பழுதானவை?